அருவிக்குப் போகும் வழியில் இரண்டு மறியல்

முந்தாநாள்தான் ஃபிரான்ஸிலிருந்து கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தோம்.

கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் தன் பக்கத்துக் கதையை ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிடுவார்.

பையன் டிக்கெட் போட்டு, அங்கே வாடகைக் காரும் புக் செய்து கொடுத்திருந்தான். நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் ஓட்டினார், நான் மேப் பார்த்தேன். பாரிஸில் ஆரம்பித்துத் தெற்கே மலை வரைக்கும் கோட்டை, சர்ச், கடற்கரை என்று ஒன்றையும் விடவில்லை.

நான் ரிட்டயர்டு டீச்சர். அவர் கரும்பு விவசாயி. எதைக் காட்டினாலும், "இதுக்கு நம்ம கோமுகி டேமு எவ்வளவோ மேல்" என்பார்.

(ஈஃபிள் டவருக்குமா என்று கேட்காதீர்கள். அதற்கும்தான்.)

கடைசி நாளுக்கென்று நான் ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தேன். பைரனீஸ் மலையில் ஓர் அருவி. மறுநாள் ஊர் திரும்ப ஃபிளைட்.

அருவி விஷயத்தில் எனக்கு ஒரு பழைய ஆற்றாமை உண்டு.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. நான் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தேன். கல்வராயன் மலையில் இருக்கும் பெரியார் அருவிக்கு டூர் போட்டார்கள். அப்பாவிடம் அழுது, சாப்பிடாமல் படுத்துக்கிடந்து வாங்கிய சம்மதம்.

கச்சிராயபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டின் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதன் மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து ஒருவர் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். எங்கள் டீச்சர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்.

"ஒரு வண்டிய வுட்டா அத்தினி வண்டியும் வுடணும் டீச்சரம்மா. திருப்பிக்கினு போங்க."

பஸ் திரும்பியது. அதற்குப் பிறகு அப்பா என்னை எந்த டூருக்கும் அனுப்பவில்லை.

அடுத்த வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபியைக் கொண்டுபோய் நீட்டினால், எதிரில் அந்தக் கரும்பு ஆள்!

(மேலே ஊற்றவில்லை. ஆசை இருந்தது.)

கல்யாணத்துக்குப் பிறகு அருவிக்கு எத்தனையோ தடவை கூப்பிட்டார். வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். அன்றைக்கு விடவில்லை அல்லவா, இப்போது எதற்கு என்று நான் வீம்பாக இருந்துவிட்டேன். பிள்ளைகளை அவரே கூட்டிக்கொண்டு போய் வந்தார். நான் இன்றுவரை பார்த்ததில்லை.

போராட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதனால் கிடைத்த சீட்டில்தான் எங்கள் பையனே படித்தான். ஆனால் டூர் வேறு விஷயம்.

சரி, ஃபிரான்ஸுக்கு வருகிறேன்.

மலை ஏறுகிற ரோட்டில் கார்கள் வரிசையாக நின்றன. முன்னால் குறுக்கே டிராக்டர்கள், பெரிய பெரிய வைக்கோல் கட்டுகள். பாலுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கவில்லை என்று விவசாயிகள் மறியல்.

எனக்கு வயிறு எரிந்தது. அவர் முகமோ சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்தது போல மலர்ந்துவிட்டது. மொழிபெயர்க்கிற ஆப் இருக்கும் போனை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

காரில் இருந்தபடி பார்த்தேன். யாரோ காபி கொடுத்தார்கள். இவர் வைக்கோல் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்தார். அதே மாதிரி காலைத் தொங்கப்போட்டு. கையில் கரும்புதான் இல்லை.

இரண்டாவது தடவையும் என் அருவியை மறித்துக்கொண்டு அதே ஆள். அழுகையே வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில், ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் விவசாயியோடு இவர் திரும்பி வந்தார். அந்த அம்மா தன் போனை என்னிடம் நீட்டினார். அதில் தமிழில் இருந்தது: "உங்கள் கணவர் ஒருமுறை உங்கள் சாலையை மூடினார். இன்று நாங்கள் திறக்கிறோம். அவர் இங்கே இருப்பார்."

"இன்னா சொன்னீங்க இவங்ககிட்ட?"

"நடந்தத சொன்னேன். நீ போய் பாத்துட்டு வா வசந்தா."

"நீங்க?"

"ஒரு வண்டிய வுட்டா அத்தினியும் வுடணும்னு சொன்னவன் நான். இவங்க உனக்காவ வுடறாங்க. அதுக்கு பதிலா ஒரு ஆளு உக்காரணும் இல்ல?"

மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. அன்றும் வரவில்லை. கார் சாவியை என் கையில் வைத்தார், அவ்வளவுதான்.

(ஊரில் நானும் கார் ஓட்டுவேன். ஆனால் அந்தப் பயணம் முழுக்க என்னை ஸ்டியரிங்கைத் தொடவிடாதவர் என்பதைச் சொல்லியாக வேண்டும்.)

ஒரு டிராக்டர் நகர்ந்தது. நான் ஓட்டிக்கொண்டு போனேன். ரோட்டின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். இண்டிகேட்டர் போடலாம் என்று தட்டினால் வைப்பர் ஓடியது. போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அருவி பெரிதாகத்தான் இருந்தது. நல்ல தண்ணீர். கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான். ஆனால் பக்கத்தில் நின்று கோமுகி டேமைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. அது எனக்கு என்னவோ போல இருந்தது. கடைசியில் நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார்கள்.

திரும்பி வந்தபோது அவர் அதே வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தார்.

"தண்ணி ஜாஸ்தியா?"

"பெரியார் அருவிய பாத்தாதானங்க ஜாஸ்தியா கம்மியான்னு சொல்ல முடியும்."

மெல்லுவது நின்றுவிட்டது. என்னையே பார்த்தார். இறங்கி வந்து காரில் ஏறியவர், வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். குளிராம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். நான்தான் ஓட்டுகிறேன்.

கச்சிராயபாளையம், வெள்ளிமலைப் பக்கத்து நண்பர்களே, அருவியில் இப்போது தண்ணீர் வருகிறதா? இல்லையென்றாலும் பரவாயில்லை, எப்படியும் போகத்தான் போகிறோம்.

வழியில் மறியல் ஏதாவது இருந்தால் மட்டும் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இவர் இறங்கிப்போய் உட்கார்ந்துவிடுவார்!