தோணிப் பலகைச் சத்தம்

யுத்த காலத்தில் கல்லடியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். ஒருநாள் பெரியகல்லாற்றில் இருந்து ஓர் அக்கா சீடி ஒன்றுடன் வந்தார். அவருடைய கணவர் வாவிக்கு மீன்பிடிக்கப் போனவர், திரும்பவில்லை. அதற்கு முன் அவர் தோணியில் இருந்து பாடியதை, வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஒருவர் பதிவு செய்து கொடுத்திருந்தாராம்.

"இடைக்கிடை இழுக்குது தம்பி. கெட்டுப்போக முதல் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தாங்க."

சீடி முழுக்கக் கீறல். வேகத்தைக் குறைத்து ஏற்றியதும் இழுப்பு நின்றது. ஆனால் 'டொக், டொக்' என்று சீரான ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. கீறல் விழுந்த சீடி சுற்றுக்கொருமுறை அப்படித்தான் தட்டும். ஒன்றுவிடாமல் அழித்து, பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். அதோடு விட்டேனா? சீடிக்கும் பற்பசை போட்டு வட்டவட்டமாகத் தேய்த்தேன். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்திருக்க வேண்டும். பிறகு அது எதிலும் ஓடவில்லை.

அக்கா வந்து கேட்டார். "குரல் நல்லா இரிக்கு. அந்தத் தட்டுற சத்தம் எங்க?"

"அது கீறல் அக்கா."

"இல்ல தம்பி. மீன வலைக்குள்ள கலைச்சு ஓட்டத் தோணிப் பலகையில தட்டுவாரு. பாடக்குள்ளயும் அந்தக் கை நிக்காது."

நான் செய்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. பாட்டைத் திரும்பப் போடச் சொல்லி, விரலை மடக்கி என் மேசையில் தட்டத் தொடங்கினார். ஓர் இடம்கூடத் தவறவில்லை.

இன்றும் பழைய பதிவுகளைத் திருத்திக் கொடுக்கிறேன். எதையும் அழிக்குமுன், "இது என்ன சத்தம்?" என்று உரியவரிடம் கேட்கிறேன். அன்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.