ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகும் முகுந்தன்

"அபாங், சுடா மக்கான்?"

எந்த ஊர் மைதானப் பொறுப்பாளருக்குப் போன் போட்டாலும் முகுந்தன் முதலில் மலாயில் இப்படி, 'அண்ணே, சாப்பிட்டாச்சா?' என்றுதான் கேட்பார். எதிர்முனையில் இருப்பவர் சாப்பிட்டாரா, என்ன குழம்பு, பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா என்றெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான், ஏதோ போகிற போக்கில் நினைவு வந்தவர் போல, "இன்னைக்கு உங்க மைதானம் கிடைக்குமா?" என்பார். அதற்குப் பிறகு யாருக்கும் மறுக்க வாய் வராது.

மலேசியாவில், கிள்ளானில் உள்ள ஒரு தொழில்முறைக் கால்பந்துக் குழுவில் அவர் ஆட்ட ஏற்பாட்டாளர்; நான் அவருக்கு உதவியாள். பெருமழை வந்தால் மைதானம் குளமாகிவிடும். ஆட்டத்தை அப்படியே தூக்கி இன்னோர் ஊரில் வைப்பது அவர் பாடு. வலை, மூலைக்கொடி, சுண்ணாம்பு எல்லாம் எப்போதும் அவர் காரிலேயே கிடக்கும். கோல் கம்பம் மட்டும் உள்ளே நுழையவில்லை. அதில் அவருக்குச் சற்று வருத்தம்தான்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் எந்த வண்டியையும் கிளம்ப விடமாட்டார். போன சனிக்கிழமை ஆட்டத்துக்காக எங்களோடு கிளம்பிய ஆம்புலன்ஸுக்கும் வைத்தார்.

"அண்ணே, இது அடிபட்டவங்கள ஏத்துற வண்டி," என்றார் ஓட்டுநர்.

"அதான் லா, யாரும் அடிபடக் கூடாதுன்னு வைக்கிறேன்!"

அன்றும் மழையில் எங்கள் மைதானம் மூழ்கியிருந்தது. மாலை ஆட்டம் நடக்காவிட்டால் எதிரணிக்கே வெற்றி. குழு கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். எப்படியோ பேசி டெங்கிலில் ஒரு மைதானம் பிடித்திருந்தார். பிரச்சினை என்னவென்றால், பண்டமாரானில் அவர் வீட்டுத் தெருவிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"ஊரு ஆட்டத்தயெல்லாம் தூக்கிட்டு ஓடுறீங்க, நம்ம வீட்டு பிரிட்ஜ தூக்க ஆளில்ல!" மனைவி புஷ்பவல்லியின் குரல் போனைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"ஆட்டக்காரங்கள பஸ்ல ஏத்தி விட்டுட்டு வந்துர்றேன் புஷ்பா. அஞ்சு நிமிஷம் லா."

அந்த ஐந்து நிமிடம் டெங்கில் வரை நீண்டது. காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அவர்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

டெங்கிலில் ஒரு பொட்டு மழை இல்லை. வலையைக் கட்டினார், கொடிகளை நட்டார், நடுவருக்குத் தண்ணீர் போத்தல் கொடுத்தார். அப்போது மறுபடியும் போன் அடித்தது.

"தண்ணி வீட்டுக்கு உள்ள வந்துருச்சிங்க," என்றார் புஷ்பவல்லி. இந்த முறை அவர் கத்தவில்லை.

ஆட்டம் தொடங்க நடுவர் விசில் ஊதினார். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். முகுந்தன் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, அந்தக் காய்ந்த புல்தரையில் குனிந்து, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டிருந்தார்.