இருபது அடி தள்ளி நின்ற ராஜமாணிக்கம் அண்ணன்

ராஜமாணிக்கம் அண்ணன் போய்விட்டார். காலையில்தான் போன் வந்தது... எண்பத்தெட்டு வயது, தூக்கத்திலேயே.

அழலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சிரிப்பு முந்திக்கொண்டு வருகிறது, நான் என்ன செய்ய.

பாகூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், கூடப் பிறக்காத அண்ணன். சுற்றுவட்டாரம் முழுக்கக் கல்யாணப் படம் எடுத்தவர்... ஸ்டுடியோவெல்லாம் கிடையாது, எல்லாமே வெட்டவெளியில்தான்.

இங்கே என் நட்பில் இருக்கிற போட்டோகிராபர் பிள்ளைகளே, வெளியில் போர்ட்ரெய்ட் எடுக்க எந்த பிரைம் லென்ஸ், ஐம்பதா எண்பத்தைந்தா என்று மாதாமாதம் அடித்துக்கொள்கிறீர்களே. பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலத்திலேயே அண்ணன் அதை ஏரிக்கரையில் தீர்த்துவிட்டார். சாட்சி நான்!

அப்போது எனக்குப் பதினாறு. அண்ணன் டவுனில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தார், முதலாளி கடையை மூடிவிட்டு சைகோனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"பழைய கேமரா உனக்குத்தான். லென்ஸ் ரெண்டு இருக்கு, எதுனா ஒண்ண எடுத்துக்க. செவ்வாக்கெழமை கப்பல், அதுக்குள்ள சொல்லிடு" என்றாராம்.

ஒன்று குட்டை, ஒன்று நீளம். குட்டையில் குடும்பமே அடங்கும், நீளத்தில் ஒரே ஒரு ஆள்... அதுவும் எடுப்பவர் தள்ளிப் போய் நின்றால்.

அண்ணனின் அப்பா குட்டைக்கட்சி. "கல்யாண வூட்ல அம்பது பேரு நிப்பாங்க. நீ ஒரு மூஞ்சிய மட்டும் எடுத்தா மீதிப் பேரு சும்மா வுடுவானா?"

அதே கப்பலில் என் படமும் போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளைக்கு சைகோனில் வேலை, பெண் பார்க்க வர முடியாது, படம்தான் பார்ப்பார்.

அதற்கு முன்பே இரண்டு இடத்துக்காரர்கள் என் படத்தைப் பார்த்துவிட்டுப் பதிலே போடவில்லை. மூன்றாவதும் போனால்... அப்புறம் யார் கேட்டு வருவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரிக்கரை. இரண்டு லென்ஸையும் என் மேலேயே சோதித்துப் பார்ப்பது என்று முடிவு.

முதலில் குட்டை. கேமரா முகத்துக்கு நேரே வந்து நின்றது... கல்யாண வயதுப் பெண் ஆண்கள் எதிரே தலை நிமிரக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த கழுத்து, தானாக மடங்கிவிட்டது.

"தலைய தூக்குடி."

"தூக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்!"

"இதுவா? மூக்குதான்டி முன்னாடி வருது."

அப்புறம் நீளம். "தொலைவுல இருந்து கத்திக்கிட்டு இருக்க முடியாது. துண்ட தூக்கினா ஆடாத நில்லு. எறக்கினா போலாம்" என்று சொல்லிவிட்டு, இருபது அடி தள்ளிப் போய்க் கேமராவை நிறுத்தினார்.

அவ்வளவு தூரத்தில் யாருக்கு வெட்கம்? கழுத்து தன்னால் நிமிர்ந்தது.

அண்ணன் துண்டைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு பின்னால் இரண்டு அடி வைத்தார்... தொப்பென்று வாய்க்காலில்!

விழுந்து விழுந்து சிரித்தேன். சேறும் சகதியுமாக ஏறி வந்தவர், நான் சிரித்து முடிப்பதற்குள் அமுக்கிவிட்டார்.

படம் பதியும் கண்ணாடி பிளேட் ஒன்று மிச்சம் இருந்தது. "இந்தா, என்னை நீ ஒண்ணு அமுக்கு" என்று நான் நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டார்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால்... "அண்ணே, தலைகீழாத் தொங்குற!"

"அப்டித்தாண்டி தெரியும். மொதல்ல துண்ட தூக்கு!"

படங்களைக் கழுவிக் கொண்டுவந்ததும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்ய, பல்லு தெரியுது. மாப்ள இன்னா நெனைப்பாரு? குனிஞ்சிருக்கறத அனுப்புடா."

"அதுல பொண்ணு எங்க சின்னம்மா இருக்கு? அத அனுப்பினா மூக்குக்குத்தான் மாப்ள வரும்."

செவ்வாய்க்கிழமை, சிரித்த படமும் குட்டை லென்ஸும் கப்பல் ஏறின. நீளம் பாகூரிலேயே தங்கியது.

நாலு மாதத்தில் பதில் வந்தது. எட்டு மாதத்தில் மாப்பிள்ளையே வந்து இறங்கினார், என் படத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு.

எங்கள் கல்யாணத்தில் ஐம்பது பேரையும் ஒரே படத்தில் அடக்க, அண்ணன் எதிர்க் கரும்புக்கொல்லைக்குள் மாட்டுவண்டியை விட்டு அதன் மேல் ஏறி நின்றார். "அப்பவே சொன்னனேடா!" என்று அவர் அப்பா கத்தினது படத்திலேயே இருக்கிறது, வாயைத் திறந்தபடி.

இன்று மத்தியானம் தவளக்குப்பம் ஜங்ஷனில் அண்ணனுக்கு பேனர் வைத்திருந்தார்கள். அவர் பேரன் போனைக் கிட்டே கொண்டுபோய் எடுத்த படம்... அண்ணனே இல்லை அதில், மூக்குதான் இருந்தது.

மனசே கேட்கவில்லை. உடனே பேரனைக் கூப்பிட்டேன்.

"வேற படம் இல்ல ஆயா. ஊரையே எடுத்தாரு, அவர யாரும் எடுக்கல."

யாரும் எடுக்கவில்லையா? நான் எடுத்திருக்கிறேனே... தேடி எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன்.

"ஆயா, மேலெல்லாம் சேறு... சிரிச்சினு வேற இருக்காரு. சாவு பேனர்ல எப்டி?"

"போடுடா."

போட்டுவிட்டான். ஜங்ஷனில் இப்போது இருபத்திரண்டு வயது அண்ணன், இடுப்பு வரைக்கும் சேறோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் ஏரி மங்கலாக.

அந்தப் படம்தான் கீழே. நல்லாத்தான் எடுத்திருக்கிறேன், சொல்லக் கூடாது.

துண்ட எறக்கிட்டேன் அண்ணே. போலாம்.