கயிற்றுக்கும் தலைக்கும் நடுவே ஒரு பட்டை

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில்தான் அந்த யோசனை வந்தது. அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, வாசலில் குனிந்து நின்று ஈர முடியைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தாள். நான் எதிரே படியில் உட்கார்ந்து குரோசே ஊசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது போன் வைக்கிற பை. அந்த மாதம் நான் தொடங்கிய ஆறாவது சாமான். முந்தைய ஐந்தும் பாதியில் நின்றிருந்தன.

நிமிர்ந்தபோது அம்மாவின் உச்சந்தலை என் கண்ணுக்கு நேரே இருந்தது. அதில் ஒரு வகிடு. ஆனால் வகிடு என்றால் நெற்றியிலிருந்து பின்னால் போக வேண்டும். இது காதிலிருந்து காதுக்குக் குறுக்கே போனது. ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. தோல் வழவழவென்று மின்னியது, நடுவில் ஒரு காய்ந்த பொருக்கு.

"என்னம்மா இது?"

"எது?"

"தலையில."

"கயிறு" என்றாள். அவ்வளவுதான். துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். பறித்ததைப் போடும் சாக்கு முதுகில் தொங்கும், அதன் கயிறு தலைக்கு மேலே ஓடும். கயிற்றுக்கு அடியில் பழந்துணியை நாலாக மடித்து வைத்துக்கொள்வார்கள். அது கொஞ்ச நேரத்தில் நழுவிவிடும். இரண்டு கையும் கொழுந்தில் இருக்கும்போது துணியை யார் சரிசெய்வது? அப்படியே விட்டுவிடுவார்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மாவின் தலையில் ஒரே இடத்தில் அந்தக் கயிறு. இருபது வருடம் லயத்து வரிசையில் ஒரே காம்பராவில், ஒரே கூரையின் கீழே இருந்திருக்கிறேன். நான் அதைப் பார்த்ததே இல்லை.

கையில் இருந்த பையைப் பார்த்தேன். நாலு விரல் அகலம். மெத்தென்று இருந்தது. போனுக்கு மெத்தை செய்துகொண்டிருக்கிறேனே என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. உடனே எழுந்து ஓடி அளவு நாடாவைத் தேடினேன். போன் பை படியிலேயே கிடந்தது. ஆறாவதும் பாதியில்.

குரோசே எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்பில் மனையியல் டீச்சர் கற்றுக்கொடுத்தார். ஒரு தட்டு விரிப்பை முக்கால்வாசி பின்னினேன், மதிப்பெண் கிடைத்ததும் விட்டுவிட்டேன். பிறகு ஓ.எல்., ஏ.எல். பரீட்சை என்று ஓடியதில் ஊசி எங்கே போனதென்றே தெரியவில்லை. இப்போது ஏ.எல். முடிவு வந்துவிட்டது, பல்கலைக்கழகக் கடிதம் வரவில்லை. அந்த இடைவெளி இருக்கிறதே, அது ஆளைத் தின்றுவிடும். ஒரு நாளைக்கு நாலு தடவை மேட்டில் இருக்கிற தண்ணீர்த் தாங்கி வரைக்கும் ஏறுவேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். கடிதம் பற்றிச் செய்தி ஒன்றும் இருக்காது, ஆனால் போனில் யாரோ ஒருத்தி அழகாகப் பின்னிக்கொண்டிருப்பாள். அப்படித்தான் ஊசி திரும்பவும் கைக்கு வந்தது. தாளில் பூ மடித்தேன், பழைய சேலையைக் கிழித்துக் கால்மிதி பின்னினேன், எல்லாம் பாதி பாதியாகப் பிஸ்கட் டின்னுக்குள் போனது.

"ஒன் கை ஒரு எடத்துல நிக்காது" என்பாள் அம்மா. "கொழுந்து பறிக்க நல்ல கை. ஆனா நீ பறிக்க வேணாம்."

இந்த இரண்டாவது வாக்கியத்தை அவள் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. பள்ளி விடுமுறையில்கூட என்னை மலைக்குக் கூப்பிட்டதில்லை. சாப்பாடு கொண்டுபோகிறேன் என்றாலும் விடமாட்டாள்.

அன்று அம்மாவை உட்காரவைத்து நாடாவால் தலையை அளந்தேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சிரித்தாள். "உசுரோட இருக்கிறவள அளக்கிறியே. சவப்பொட்டிக்காரன்தான் அளவெடுப்பான்."

"ஆடாதம்மா. கயிறு எங்க விழுது?"

கத்தியோடு இருந்த கையால் உச்சியைக் காட்டினாள். எழுதிக்கொண்டேன்.

மறுநாளே பதுளைக்கு பஸ் ஏறினேன். பஜாரில் நூல், பொத்தான், லேஸ் விற்கிற ஒரு கடை இருக்கிறது. கடைக்கார நானா ஒரு சிவப்புப் பருத்தி நூலை எடுத்துப் போட்டார். என்ன சிவப்பு! பார்த்ததும் வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"புள்ள, இத ஒருக்கா உப்புத் தண்ணியில ஊறப் போட்டு, நல்லா அலசிக் காயவெச்சிட்டுப் பின்னுங்க" என்றார். "சிவப்பு சாயம் எறங்கும்."

"சரி நானா, சரி நானா" என்றேன். ஊறவைத்து, அலசி, காயவைத்து. இரண்டு நாள் போய்விடும். எனக்கு இரண்டு நாள் எங்கே இருக்கிறது? பஸ்ஸிலேயே முதல் சங்கிலியைப் போட்டுவிட்டேன். பசறைப் பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் எண்ணிக்கை தவறியது. பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் மடியிலிருந்த குழந்தை நூல் உருண்டையை வாயில் வைத்தது, பிடுங்கினால் அழுதது. இறங்கும்போது எட்டு வரிசை முடித்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை பட்டை தயார். நாலு விரல் அகலம், இரட்டை மடிப்பு, ஓரத்தில் சின்னச் சின்ன வளைவு. என் வாழ்க்கையில் நான் முழுசாக முடித்த முதல் சாமான். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டீவிக்கு மேலே விரிக்கப் போனாள்.

"அம்மா! அது தலைக்கு!"

"இவ்ளோ அழகா இருக்கே, மலைக்கா?"

புதன்கிழமை விடியற்காலையில் பட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். பெரட்டுக்களத்தில் அன்றைக்கு எந்த மலை என்று சொல்லி அனுப்புவார்கள். எல்லோரும் அவள் தலையைத்தான் பார்த்தார்களாம். "மதினி, கல்யாணமா? நெத்திச்சுட்டி ஒன்னுதான் கொறச்சல்" என்று பக்கத்துக் காம்பரா அத்தை கேட்டிருக்கிறாள். அத்தையும் அம்மாவும் எப்போதும் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் பறிப்பார்கள்.

பத்து மணி வரை நல்ல வெயில். அதற்குமேல் மலை உச்சியில் மேகம் இறங்கியது. கூரைத் தகரத்தில் முதல் துளி விழுந்தபோதுதான் எனக்குக் கடைக்கார நானா சொன்னது ஞாபகம் வந்தது. போய் உட்கார்ந்தேன், எழுந்தேன், கதவைத் திறந்தேன், மூடினேன். மழைக்குத் தலையில் துணி போட்டிருப்பாள், ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே அம்மா வந்துவிட்டாள். அத்தை அவள் கையைப் பிடித்திருந்தாள், ஆனால் தாங்கிப் பிடிக்கவில்லை, சிரிப்பை அடக்க முடியாமல் பிடித்திருந்தாள். அம்மாவின் நெற்றி, மூக்கு, ஜாக்கெட்டின் கழுத்து, எல்லாம் சிவப்பு.

நடந்ததை அத்தைதான் சொன்னாள். "நான் பக்கத்து நெரையில நிக்கிறேன். திரும்பிப் பாக்கிறேன், மதினி மூஞ்சியில ரத்தம் ஓடுது. ஐயோ மண்ட ஒடஞ்சிருச்சுன்னு கத்திட்டேன். கங்காணி ஓடி வந்தாரு. சாக்க எறக்கு, ஒக்காரு, எழும்பாதங்கிறாரு. இவ ஒன்னுமில்ல ஒன்னுமில்லங்கிறா. அடிபட்டவ அப்படித்தான் சொல்லுவா! ரெண்டு பேரு தூக்கிக்கிட்டே டிஸ்பென்சரிக்குப் போனோம்."

"நடந்துதான் வந்தேன்" என்றாள் அம்மா.

"மருந்துக்காரரு பஞ்சால தொடச்சாரு. தொடச்சாரு, தொடச்சாரு, காயமே காணோம். பஞ்ச மோந்து பாத்தாரு. 'ஏம்மா, இது சாயம்'ங்கிறாரு!"

அத்தை சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். அம்மா முகம் கழுவப் போனாள். அன்றைக்கு அவளுக்கு அரைப் பேர்தான், பாதிச் சம்பளம். பாதி நாள் வேலையோடு இறங்கினால் அதுதான் கணக்கு. அதை அத்தை சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அதற்குள் லயம் முழுக்க செய்தி பரவிவிட்டது. அந்த வாரம் முழுக்க வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் "மண்ட சரியாயிருச்சா?" என்றுதான் கேட்டார்கள்.

பட்டையைப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினேன். ஏழாவது. மறுநாள் அம்மா பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு போனாள்.

அத்தோடு விட்டிருப்பேன். வழக்கம் அதுதான். வெள்ளிக்கிழமை அத்தை சீனி கேட்டு வந்தாள், போகிற போக்கில் ஒன்று சொன்னாள். "ஆனா ஒன்னுடி. மழைக்கு முந்தி மதினி ஒரு தடவகூட தலையச் சொறியல. கயிற எடம் மாத்தல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கு ஒன்னு பின்னு. கறுப்புல."

அன்று அம்மா வந்ததும் பிடித்துக்கொண்டேன். "வலிச்சுச்சா, வலிக்கலியா? உண்மையச் சொல்லு."

"வலிக்கலதான்." சாக்கை ஆணியில் மாட்டினாள். "ஆனா ஏத்தத்துல முன்னால வழுக்குது. கண்ண மறைக்குது."

"அளந்துதானே பின்னினேன். எப்படி வழுக்கும்?"

"நீ ஒக்காந்திருக்கிற தலையத்தானே அளந்த? அது மலையில வந்து பாத்தாத்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திக்கொண்டாள். "நீ வர வேணாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சாமான் வாங்க பசறைக்குப் போனாள். பஸ் வளைவில் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆணியிலிருந்து சாக்கை எடுத்தேன். அத்தை மாட்டுக்கு வெட்டி வைத்திருந்த புல், பனியில் நனைந்தது, அதை அமுக்கி அமுக்கி நிரப்பினேன். சிவப்புப் பட்டையைத் தலையில் வைத்து, அதன்மேல் கயிற்றைப் போட்டேன். தண்ணீர்த் தாங்கிக்குப் போகிற படியில் ஏறத் தொடங்கினேன். தினமும் நாலு தடவை நான் ஏறுகிற அதே படிதான்.

பத்தாவது படியில் கழுத்து தெரிந்தது. கழுத்து என்று ஒன்று இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. பறிப்பதுபோல இரண்டு கையையும் முன்னால் நீட்டி, குனிந்து ஏறினேன். குனிந்ததும் தலை முன்னால் தாழ்ந்தது, கயிறு உச்சியை விட்டு நெற்றிப் பக்கம் ஓடியது, பட்டையையும் இழுத்துக்கொண்டு வந்தது. அம்மா கத்தியால் காட்டிய இடத்துக்கும் கயிறு வந்து நின்ற இடத்துக்கும் மூன்று விரல் தூரம். பட்டையில் கயிற்றைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை. வளைவு வளைவாக ஓரம் போடத் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லை. வியர்வை இறங்கியது. ஆனால் எனக்கு ஒரே சந்தோஷம். நின்று, இறங்கி, மறுபடி ஏறினேன். எங்கே வழுக்குகிறது, எத்தனையாவது படியில் வழுக்குகிறது, திரும்பினால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே நாலாவது தடவை இறங்கும்போது கீழே அம்மா நின்றாள். கையில் பசறைப் பை.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மேலே ஏறி வந்தாள். பின்னால் போய் நின்று கயிற்றைத் தலையிலிருந்து தூக்கி எறிந்தாள். சாக்கு படியில் உருண்டு புல் எல்லாம் சிதறியது.

"இதுக்கா? இதுக்குத்தானா படிக்க வச்சேன்?"

"பட்டைய சரி பண்ணத்தான்மா..."

"வாய மூடு." என் தலையைப் பிடித்துக் குனியவைத்தாள். முடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். "செவந்திருக்கு."

"சாயம்மா அது."

முந்தானை நுனியை எச்சில் தொட்டுத் தேய்த்தாள். கொஞ்சம் வந்தது. மறுபடி தேய்த்தாள். மிச்சம் வரவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள், எனக்கு எரிந்தது, நான் சொல்லவில்லை.

இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து புல்லைப் பொறுக்கினோம். மாடு கீழேயிருந்து கத்தியது. சாக்கு பாதி நிறைந்தபோது அம்மா கேட்டாள்.

"நெத்திப் பக்கம் வருதுல்ல?"

"ஆமா. மூணு வெரல்."

"மழையில இன்னும் வரும்." கையிலிருந்த புல்லைச் சாக்குக்குள் திணித்தாள். "இங்க பாரு. நீ பின்னு. நான் கட்டிக்கிட்டுப் போறேன். எங்க வழுக்குது, எங்க அறுக்குது, எல்லாம் வந்து சொல்றேன். இன்னொரு தடவ கயித்துக்குள்ள ஒன் தலையப் பாத்தேன், அந்த டின்ன அடுப்புல வச்சிருவேன்."

"சரிம்மா."

"சரி சரின்னு கடக்காரருகிட்டயும்தான் சொல்லிட்டு வந்த."

இப்போது பட்டையைப் பிரித்துவிட்டேன். பஸ்ஸில் போட்ட எட்டு வரிசையும், வளைவும், எல்லாம். பிரிக்கும்போது மனம் ஆறவில்லை, ஆனால் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நூல் உப்புத் தண்ணீரில் ஊறுகிறது. மூன்று தடவை தண்ணீர் மாற்றிவிட்டேன். இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது. ஒரு வெள்ளைத் துணியை அதில் பிழிந்து பார்க்கிறேன், துணி வெள்ளையாகவே நிற்கிற வரைக்கும் ஊசியைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். இதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. அதுவரை கை சும்மா இருக்காது என்பதால் பழைய உரச் சாக்கைப் பிரித்து அதன் நாரை இழை இழையாக முறுக்குகிறேன். அது தண்ணீர் குடிக்காது. மேல் பக்கம் அந்த நார், தலையில் படுகிற பக்கம் பருத்தி. நடுவில் கயிறு படுக்க ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் மேடாகப் பின்ன வேண்டும். பின்னால் கொண்டைக்கு அடியில் முடிச்சுப் போட இரண்டு வார்.

வார் எவ்வளவு நீளம் என்று தெரியவில்லை. அம்மா வந்ததும் நாடாவோடு படியில் நிற்கப் போகிறேன். இந்தத் தடவை உட்காரவைத்து இல்லை. அவள் ஏறும்போது, குனிந்திருக்கும்போது அளப்பேன்.