ஜெசிந்தாவும் மூன்றாம் துணைத்தேற்றமும்

செவ்வாய்க்கிழமை காலை தேர்வு மண்டபத்தில் கண்காணிப்பாளராக நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. கண்காணிப்பாளர் கைப்பேசியை எடுக்கக் கூடாது என்பது விதி. அதை மாணவர்களுக்குப் படித்துக் காட்டியவனே நான்தான். ஆறாவது முறை அதிர்ந்தபோது யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று தெரிந்துவிட்டது. காப்பார் ஊரில் தனியாக இருக்கும் அம்மாதான் நினைவுக்கு வந்தார். இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. வரிசைகளுக்கு இடையே நடந்துகொண்டே இருந்தேன். விடைத்தாள்களை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், பல்கலைக்கழகத்தில் எங்கள் கணினியியல் துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தி. ஜெசிந்தா காலையில் கிள்ளானில் தன் வீட்டில் மாரடைப்பால் இறந்துவிட்டார். இறந்தது அம்மா இல்லை என்று ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவருடன் வேலை செய்தவர்கள். எங்கள் துறையில் அல்காரிதங்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்காமல், தாளில் நிறுவிப் பார்ப்பவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. நான் வேலைக்குச் சேர்ந்து முதல் கருத்தரங்கில் பேசியபோது அவர் பின்வரிசையில் இருந்தார். பொருள் இதுதான்: சிறுநீரக நோயாளிகளைச் சிகிச்சை மையத்துக்கு ஏற்றிச் செல்லும் வேன்கள். அழைப்புகள் ஒவ்வொன்றாக வரும். அடுத்தது எங்கிருந்து வரும் என்று தெரியாமலே எந்த வேனை அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். நான் முடித்ததும் அவர் கை தூக்கினார். "இந்த ஃபோன் காலெல்லாம் யாரு அனுப்புறா? நல்லவனா, கெட்டவனா?" என்றார். அரங்கம் சிரித்தது. எனக்கு மூக்கு உடைந்தது. வெளியே வந்ததும் அவரே தேடி வந்து, "கோவிச்சுக்காதீங்க முரளி. கருணை உள்ள எதிரிய வச்சு ப்ரூஃப் எழுதினா, நெஜத்துல வர்றவன் அவனா இருக்க மாட்டான்" என்றார். பத்து ஆண்டுகளாக என் வகுப்பில் இதை என் சொந்தச் சரக்குபோலச் சொல்லி வருகிறேன்.

அதிலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. சனிக்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைக் கடையில் சந்திப்போம். அந்த வாரம் நிறுவியதை ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் எதிரி. எதிரியின் வேலை, அந்த அல்காரிதம் தடுமாறும்படி அழைப்புகளை மிக மோசமான வரிசையில் அனுப்புவது. இப்படி நிறுவுபவர்கள் எல்லோரும் இதைக் கற்பனையில்தான் செய்வார்கள். ஜெசிந்தா எதிரே உட்கார்ந்து, கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முகத்தையும் மாற்றிக்கொண்டு செய்வார். என் தாளில் 'தெளிவாகவே' என்ற சொல் எங்கே வந்தாலும் வட்டம் போடுவார். "நமக்கே தெளிவில்லாத எடத்துலதான் இத எழுதுவோம்" என்பார். அவர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். நாங்கள் சண்டை போடுவதைப் பார்த்துப் பரிமாறுகிற அண்ணன் சாம்பாரோடு இரண்டு முறை திரும்பிப் போயிருக்கிறார்.

அந்தப் பழக்கம் முறிந்த நாளைத்தான் சொல்ல வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையை ஒரு பெரிய மாநாடு ஏற்றுக்கொண்டது. வேனை அனுப்பும்போது எங்கள் அல்காரிதம் காசு சுண்டிப் பார்க்கும். எதிரி வேன்களைப் பார்த்துக்கொண்டே அடுத்த அழைப்பை அனுப்பினாலும், எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவருக்கு ஆகும் தூரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகாது என்று நிறுவியிருந்தோம். அதன் முதுகெலும்பு மூன்றாம் துணைத்தேற்றம், அதாவது மூன்றாம் லெம்மா. அதை எழுதியவன் நான். என் வேலை ஒப்பந்தம் அந்த ஜூன் மாதத்தோடு முடிவதாக இருந்தது. இந்தக் கட்டுரை இருந்தால்தான் புதுப்பிப்பார்கள் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். இறுதி வடிவத்தை அனுப்பக் கடைசி நேரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணி. அன்று மதியம் ஒன்றரை மணிக்கு, சும்மா ஒருமுறை பார்ப்போம் என்று ஜெசிந்தா எதிரியாக உட்கார்ந்தார்.

இலையில் மூன்று அப்பளத் துண்டுகளை வைத்தார். மூன்றும் மூன்று வீடுகள். இரண்டு தண்ணீர்த் தம்ளர்களும் இரண்டு வேன்கள். "காசு சுண்டுங்க" என்றார். சுண்டினேன். காசு சொன்ன தம்ளர் ஒரு துண்டுக்கு நகர்ந்தது. உடனே தம்ளர் இல்லாத துண்டிலிருந்து அழைப்பு வந்தது. மறுபடி சுண்டினேன். மறுபடி தம்ளர் இல்லாத துண்டு. பத்துப் பன்னிரண்டு முறை ஆனது. அவர் முகத்தில் எதிரியின் திமிர் மெல்லப் போய் வேறு ஏதோ வந்தது. "முரளி, முன்ன விழுந்த காசுக்கும் அடுத்த ஃபோன் காலுக்கும் சம்பந்தம் இல்லன்னு எடுத்துக்கிட்டீங்க. ஆனா நான் பாத்துக்கிட்டுல்ல இருக்கேன்?" என்றார். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

பக்கத்துக் காப்பிக் கடைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தோம். இரண்டு மணி நேரம் ஒட்டுப் போட்டுப் பார்த்தோம். இரண்டு மடங்கை மூன்றாக்கினோம், நான்காக்கினோம். ஒவ்வொரு முறையும் அவர் ஒரு வரிசையை அனுப்பி உடைத்தார். வேன்களைப் பார்க்காத எதிரி என்று மாற்றினால் நிற்கும். ஆனால் அதை வேறு ஒருவர் முன்பே நிறுவிவிட்டார். நாலேகால் மணிக்கு நான் பேனாவைப் போட்டேன்.

"அப்படியே அனுப்பிடலாம். மூணு ரெஃப்ரீ படிச்சு ஓகே சொல்லியாச்சு. பதினாலாவது பக்கம்லா, எவன் படிக்கப் போறான்?"

"மூணு பேரு ஒத்துக்கிட்டாங்க. கணக்கு ஒத்துக்கலையே."

"ஜூன்ல நான் வீட்டுக்குப் போகணும், தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்கென்ன, பெர்மனென்ட் வேலை. யோக்கியமா இருக்கறது சுலபம்."

அவர் கண்கள் கலங்கின. என் பேச்சு எங்கே போய்க் குத்தியது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாலே முக்காலுக்கு அவர் மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார். "நான் வாபஸ் வாங்கினா வாழ்க்கை பூரா என் மேல கோவமா இருப்பீங்க. நீங்களே முடிவு பண்ணுங்க. அனுப்பணும்னா என் பேரோடவே அனுப்புங்க. பேர எடுத்துட்டுத் தப்பிச்சுக்க மாட்டேன்." அவர் பெயரோடு ஒரு பொய்யை அனுப்ப என்னால் முடியவில்லை. அவர் விலகியிருந்தால் அனுப்பியிருப்பேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஐந்து மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மோனோரயில் நிலையத்துக்கு நடந்தேன்.

ஜூன் மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். என் வகுப்புகளைப் பற்றி மாணவர்கள் நல்லபடியாக எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் கர்வம்கூட வந்தது. பார்த்தீர்களா, கட்டுரை இல்லாமலே பிழைத்தேன் என்று அவருக்குக் காட்டுவதுபோல நடந்துகொண்டேன். அவர் இரண்டு மூன்று முறை என் அறைக் கதவைத் தட்டி, "இந்த சனிக்கிழமை ஃப்ரீயா?" என்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை. ஆறு ஆண்டுகள் ஒரே தாழ்வாரத்தில் 'குட் மார்னிங்' சொல்லிக்கொண்டு இருந்தோம்.

கிள்ளான் தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லோரும் முற்றத்தில் நின்றபோது, அந்தச் சமயத்தில் துறைத் தலைவராக இருந்து பிறகு ஓய்வுபெற்ற பாலன் என் பக்கத்தில் வந்தார். "பேராசிரியர் ஆகாமலே போயிட்டாங்க. அந்த ஒரு பேப்பர்தான் பேரைக் கெடுத்துடுச்சு" என்றார். எனக்குப் புரியவில்லை. எந்தப் பேப்பர் என்று கேட்டேன்.

"என்ன முரளி, உங்க ரெண்டு பேரு பேப்பர்தான். அந்த மூணாவது லெம்மா தன்னோடதுன்னு உங்க கான்ட்ராக்ட் கமிட்டியில வந்து சொன்னாங்களே. நீங்க வேணாம்னு சொல்லியும் அவங்கதான் பிடிவாதமா போட்டாங்களாம். அதனாலதான் உங்க கான்ட்ராக்ட்ட புதுப்பிச்சோம். அவங்க புரொமோஷன் ஃபைல் அந்த வருஷம் மேல போகல. அப்புறம் அவங்க அப்ளை பண்ணவே இல்ல."

துறையில் சறுக்கிய நிறுவல் எதையும் 'ஜெசிந்தா லெம்மா' என்று கிண்டல் செய்வார்கள். ஓட்டையைக் கண்டுபிடித்தவர் அவர் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒருமுறை அவர் இருக்கும்போதே நானும் சிரித்திருக்கிறேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

பதினாலாவது பக்கத்தில் ஒரு தவறான வரியை விட்டுவைக்கச் சம்மதிக்காத பெண், எனக்காகத் துறைத் தலைவர் முன் உட்கார்ந்து பொய் சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஆறு ஆண்டுகளில் எந்த ஒரு நாள் அவர் அதைச் சொல்லியிருந்தாலும் நான் அவர் காலில் விழுந்திருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

அவரிடமிருந்து எதை வைத்துக்கொள்கிறேன் என்று இந்த இடத்தில் சொல்வது வழக்கம். அவர் அறிவும் சிரிப்பும் உங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. அவற்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரில் கிடக்கும் அந்தப் பிழையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் துணைத்தேற்றத்தை எழுதியவன் நான். அவர் அதை உடைத்தவர்.