உப்புக் கொட்டகை நிழலில் நின்ற வண்டி

ஆம்பூரில் பழைய கார் பார்க்கப் போகிறவன் முதலில் பானட்டைத் திறக்க மாட்டான். கதவைத் திறந்து சீட்டைத் தடவுவான். ஊரில் பாதிப் பேருக்குத் தோல்தான் சோறு போடுகிறது. கை வேறு எங்கே போகும்? சீட்டு நன்றாக இருந்துவிட்டால் இன்ஜினுக்கும் சேர்த்துப் பாதி மார்க் போட்டுவிடுவார்கள். தௌசீப் அகமதுவுக்கு இந்தப் புத்தி கொஞ்சம் ஜாஸ்தி. தோல் பதனிடும் டேனரியில் ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஷூவைப் பார்க்கிற மனிதர்.

அன்று வாணியம்பாடியில் ஷாஹித்தின் கார் விற்கும் இடத்தில் அவர் தடவிக்கொண்டிருந்தது அவருடைய பழைய வண்டியின் சீட்டையேதான். சின்ன டீசல் எஸ்யூவி. புதிதாக வாங்கிய வருடம், ஏற்றுமதிக்குப் போகாமல் தங்கிவிட்ட பழுப்புத் தோலை முதலாளியிடம் கேட்டு வாங்கி, பக்கத்தில் நின்று தைக்க வைத்த சீட்டு. மனைவி அஃப்ரோஸ் சிரித்துக்கொண்டே, "எனக்கு ஒரு நல்ல ஹேண்ட்பேக் தைச்சுத் தரத் தோணல, வண்டிக்கு மட்டும் ஷேர்வானியா?" என்று கேட்டாள். ஆனால் ஏறி உட்கார்ந்தபின் இறங்க மனமில்லாமல் ஏலகிரி வரைக்கும் போய்வரச் சொன்னாள். ரம்ஜானுக்கு உறவுக்காரர் வீடுகள், வேலூரில் நர்சிங் படித்த மகள் ஹஃப்ஸாவின் ஹாஸ்டல், கடைசியில் ஆஸ்பத்திரி, எல்லாம் அந்த வண்டியில்தான். அவள் போய்ச் சேர்ந்தபின் காலியாக இருந்த சீட்டைப் பார்க்க முடியாமல், நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த கையோடு ஷாஹித்திடம் கொடுத்து விற்றுவிட்டார். விற்ற மறுவாரமே மனசு அடித்துக்கொண்டது. ஆலங்காயத்துக்காரர் ஒருவர் வாங்கி ஓட்டிக்கொண்டு போனதைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்க முடியுமா?

இப்போது அது விற்பனைக்கு வந்திருந்தது. ஷாஹித்தே போன் செய்து சொன்னான். ஹஃப்ஸாவுக்கும் வண்டி தேவைதான். வேலூர் ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் வேலை. ஒரு பஸ் தவறினால் அன்றைக்கு முழுக்கப் பேஜார். தினமும் ஹைவேயில் போய்வர நம்பகமான வண்டி வேண்டும். தேவையும் ஆசையும் ஒரே இடத்தில் வந்து நின்றதை அல்லாஹ்வின் ஏற்பாடு என்றே தௌசீப் எடுத்துக்கொண்டார். அவளையும் கையோடு அழைத்து வந்திருந்தார். மெக்கானிக் கிருபானந்தத்தைக் கூட்டிவந்தது கூட ஊர் வாய்க்காகத்தான். மனசுக்குள் பேரம் எப்போதோ முடிந்துவிட்டது.

கிருபானந்தம் சீட்டுப் பக்கமே போகவில்லை. பானட்டில் கை வைத்துப் பார்த்தார், சில்லென்று இருந்தது. "முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வெச்சிருந்தா எந்த நோயும் தெரியாது. ஷாஹித் பாய் நேர்மையான ஆளுதான்" என்றார். சாவியைத் திருப்பியதும் ஒரே முறையில் எழுந்தது. புகை கம்மி. தௌசீப்பின் முகத்தில் மகன் பாஸான அப்பாவின் களை. கிருபானந்தம் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார், கூலன்ட் நிறத்தைப் பார்த்தார், நாலு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று தடவினார், ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார்.

"கிளட்ச் மாத்தணும். முன்னாடி சக்கரத்துல புஷ் சத்தம் குடுக்குது. அதெல்லாம் வயசானா வர்ற வலி. இன்ஜின் தங்கம்."

"நான் சொல்லல?" என்றார் தௌசீப்.

"இருங்க பாய். கீழ பாக்கணும்."

வண்டியை ஜாக்கியில் தூக்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு மல்லாந்து உள்ளே போனார். டொக் டொக் என்று தட்டும் சத்தம் கேட்டது. ஓர் இடத்தில் சத்தம் மாறி, 'சதக்' என்றது. வெளியே வந்தவரின் சட்டையெல்லாம் துருத்தூள்.

"வண்டியை எங்க நிறுத்தினீங்க, அத்தனை வருஷமும்?"

"டேனரியிலதான். நல்ல நிழல்ல. வெயில் பட்டா சீட்டு வெடிச்சிடும்னு ஒரு நாள் கூட வெயில்ல விட்டதில்ல."

"எந்த நிழல்?"

சொல்ல வாயெடுத்த தௌசீப் அப்படியே நின்றுவிட்டார். கெடாமல் இருக்க உப்புத் தடவிய பச்சைத் தோல் லாரியில் வந்து இறங்கும் இடம். தோலை விரித்து உப்பு உதறும் கொட்டகை. அதன் நிழல்தான் டேனரியிலேயே குளிர்ச்சியானது. தரையெல்லாம் உப்பு வெள்ளை பூத்துக் கிடக்கும். மழை பெய்தால் அந்த உப்புச் சேறுதான் டயரோடு ஏறி அடியில் அப்பிக்கொள்ளும். மேலே தினமும் துடைத்தார். கீழே குனிந்து பார்க்கத் தோன்றவேயில்லை.

"ஃப்ளோர் தகடு அரிச்சுப் போச்சு பாய். பிரேக் பைப்பும் துரு புடிச்சிருக்கு" என்றார் கிருபானந்தம், குரலைத் தாழ்த்தி.

"வெல்டிங் வெச்சா?"

"வெக்கலாம். வெச்ச இடம் நிக்கும், பக்கத்துல உடையும். பைப்பு மாத்தலாம். நீங்க ஆம்பூருக்குள்ள பிரியாணி வாங்கப் போறதுன்னா நானே எடுத்துக்கங்கன்னு சொல்லுவேன். பாப்பா தினமும் லாரிங்க நடுவுல போவணும்."

தௌசீப் பதில் சொல்வதற்குள் ஹஃப்ஸா முந்திக்கொண்டாள். "பரவால்லப்பா. செலவு பண்ணி ரெடி பண்ணிக்கலாம். அம்மி உக்காந்து வந்த வண்டி. எனக்கும் இதான் வேணும்."

அவர் மகளைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத பெண். கண்ணைச் சந்திக்காமல் சீட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்பா ஆசைப்படுகிறார் என்பதற்காக இவள் இந்த ஓட்டை வண்டியை நாளைக்கே ஓட்டுவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. ஒருத்தியின் ஞாபகத்துக்காக அவள் பெற்ற பெண்ணைப் பணயம் வைப்பதா?

"வேணாம்மா" என்றார். "ஷாஹித், வேற வண்டி காட்டு."

அஃப்ரோஸ் உட்காரும் இடது பக்கக் கதவை அவரே சாத்தினார். ஷாஹித் டீ வரவழைத்தான், அது ஆறிப்போனது.

கடைசியில் அரக்கோணத்தில் ஒரு டீச்சரம்மா ஓட்டிய பெட்ரோல் எஸ்யூவி அமைந்தது. துணி சீட்டு. தௌசீப் தடவிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார், அதோடு சரி. சர்வீஸ் எல்லாம் காலா காலத்தில் செய்திருந்தது. கிருபானந்தம் அடியில் போய் வந்தும் சட்டை சுத்தமாக இருந்தது. "ஆயிலை நேரத்துக்கு மாத்து, மழைக்காலம் முடிஞ்சதும் அடியில தண்ணி அடிச்சுக் கழுவு. இது உன்னைக் கைவிடாது" என்று ஹஃப்ஸாவிடம் சாவியைக் கொடுத்தார்.

முதல் நாள் வேலைக்குப் போகும்போது தௌசீப்பும் கூடப் போனார். ஓட்டுவது மகள், அதனால் அவர் இடது பக்கம் உட்கார்ந்தார். இத்தனை வருடம் வண்டி வைத்திருந்தும் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. மாதனூர் தாண்டியதும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே மணல் வெளியாகப் பாலாறு தெரிந்தது. அதற்கப்பால் காலை வெயிலில் மலை. ஒரு கொக்குக் கூட்டம் எழுந்து போனது.

"என்னப்பா, பேசாம வர்றீங்க?"

"ஒண்ணுமில்ல. இங்க வரும்போதெல்லாம் உங்கம்மி 'அதோ பாருங்க, அதோ பாருங்க'ன்னு சொல்லிக்கினே வருவா. ரோட்டைப் பாக்கணும், சும்மா இருன்னு அதட்டுவேன். ஒரு தடவை கூடத் திரும்பிப் பாக்கலம்மா."

ஹஃப்ஸா வண்டியை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து வேகத்தைக் குறைத்தாள்.

"எனக்கு டைம் இருக்குப்பா" என்றாள். "நல்லாப் பாருங்க."