உள்ளூர்ப் பொறுப்பாளரின் கையெழுத்து

ஊழியத்தை இன்டர்நெட்டில் படிக்கலாம் என்று சபைக் கமிட்டியில் போதகர் சொன்னபோது முதலில் சிரித்தவன் நான்தான். ஆரணி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி பிரவுசிங் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆளுக்கொரு தடுப்பு, தடுப்புக்கொரு திரை. உள்ளே யார் எதைப் பார்க்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அங்கே போய் உட்கார்ந்த ஒருத்தி நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் ஊழியக்காரியாக எழுந்து வருவாள் என்றால் எப்படி நம்புவது?

நான் அப்போது சபையின் செயலாளர். பிழைப்பு தாலுகா ஆபீஸில். இருபத்தைந்து வருடம் பட்டா மனுக்களைப் புரட்டியவனுக்கு யார் மீதும் சட்டென்று நம்பிக்கை வராது. போதகர் பிரசங்கத்தில் ஒரு வசனத்தைச் சொன்னால்கூட, அதிகார எண் சரிதானா என்று பைபிளைத் திறந்து பார்ப்பேன். அவருக்கும் அது தெரியும். என் பக்கம் பார்க்காமலே பிரசங்கம் பண்ணப் பழகியிருந்தார்.

படிக்கப் போனவள் நாற்பதை நெருங்கிய விதவை. ஒரு பட்டு நெசவுக்காரர் வீட்டில் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறவள். பத்தாவது வரை படிப்பு. போதகருக்கு எங்கள் சபையோடு சுற்றுவட்டாரத்தில் ஐந்து கிராமங்கள். படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்க அவரால் முடியவில்லை. அதனால் இவளைத் தேர்ந்தெடுத்தார். ஏதோ ஒரு இறையியல் கல்லூரி தமிழிலேயே பாடம் அனுப்பும். இவள் விடை எழுதி அனுப்புவாள். இரண்டு வருடம். சான்றிதழ் வந்தால் சபை அவளை முறைப்படி ஊழியத்தில் அமர்த்தும். ஆனால் அவள் வேலை உண்மைதான் என்று உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போதகர் என்னைக் கைகாட்டினார். சும்மா இருப்பேனா? எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, சென்டருக்குள் அவள் எவ்வளவு நேரம் இருக்கிறாள் என்று இரண்டு முறை வேவு பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. ஒரு முறை உள்ளே எட்டிப் பார்த்ததில், இரண்டு விரலால் டைப் அடிக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது.

அவள் படிப்பு முடியப்போகும் நேரத்தில் என் மனைவி படுத்துவிட்டாள். வேலூருக்குக் கொண்டுபோனோம். வயிற்றில் புற்றுநோய், முற்றிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அல்சர் என்று நான் மனைவியிடம் சொன்னேன். பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லச் சொன்னேன். சபையில் போதகருக்கும் அந்தப் பெண்ணுக்கும் மட்டும்தான் உண்மை தெரியும்.

அவள் வாரம் இரண்டு முறை மத்தியானத்தில் வந்து என் மனைவியோடு உட்காருவாள். நான் ஆபீஸில் இருக்கும் நேரம். ஜெபம் பண்ணுகிறேன் பேர்வழி என்று உண்மையை உளறிவிடுவாளோ? என் மனைவியும் தெரிந்துகொண்டு அன்றைக்கே உடைந்துபோவாளோ? சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவியின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அவள் எப்போதும் போலச் சிரிப்பாள். "அல்சர் கொஞ்சம் பரவால்லிங்க" என்பாள்.

கடைசிப் பாடத்துக்கு ஒரு நோயாளியைச் சந்தித்துப் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதி அனுப்ப வேண்டுமாம். அந்தப் பெண் கையெழுத்துக்கு ஒரே ஒரு தாளோடு வந்தாள்.

"எழுதினது எங்க?" என்றேன்.

"அதக் காட்டக்கூடாது சார். பேர் இல்லாமத்தான் எழுதறோம். வாத்தியார் மட்டும்தான் படிப்பாரு."

"அப்ப நான் இன்னாத்துக்கு?"

"நான் போய்ப் பாத்தது நெஜம்னு சொல்றதுக்கு சார். நாளைக்கு அனுப்பணும். இல்லன்னா ரெண்டு வருசம் படிச்சது வீணாப்பூடும்."

"யாரைப் பாத்த?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அது போதும் எனக்கு. கையெழுத்துப் போடாமல் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராகப் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நான்தான் அவளுக்குப் பொறுப்பாளர் என்று கடைக்காரரிடம் சொன்னேன்; அது பொய்யில்லை. "அந்தக்கா பைலுதான சார்?" என்று அவர் கேள்வியே கேட்காமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். வெளியே வெயிலில் நின்றே படித்தேன். பெயர் இல்லை, தன்னை 'நான்' என்றும் நோயாளியை 'அம்மா' என்றும் மட்டும் எழுதியிருந்தாள். குரல் தெரியாதா எனக்கு?

அம்மா: எனக்கு இன்னா வியாதின்னு உனக்குத் தெரியும்தான?

நான்: சாரையே கேளுங்கக்கா.

அம்மா: கேக்க மாட்டேன். அல்சர்னு சொல்லிகினு இருக்காரு. வேலூர்ல இன்னா வார்டுன்னு போர்டுல எழுதிருந்துச்சே, எனக்குப் படிக்கத் தெரியாதா?

நான்: (கையைப் பிடித்துக்கொண்டேன்.)

அம்மா: ஊர்ல எல்லாரையும் சந்தேகப்படுவாரு. என் ஒருத்திய மட்டும் நம்புவாரு. அதனாலதான் ரெண்டு மாசமா அவர ஏமாத்திகினு வர முடியுது. நெஜம் தெரிஞ்சவளா நான் நடந்துகினா அவரு தாங்க மாட்டாரு.

அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் தெரிந்த ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மனைவி சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். நேரம் கெட்ட நேரத்தில் நான் வந்து நின்றதைப் பார்த்தாள். கையிலிருந்த தாளையும் பார்த்தாள்.

"படிச்சிட்டீங்களா?"

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"எழுதிக்கிறேன்க்கா, யாருக்கும் காட்ட மாட்டேன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சி. எழுதிக்கோம்மான்னேன். பாவம், அதுக்கு உங்களத் தெரியாது."

"நான் படிப்பேன்னு உனக்கு…"

"முப்பது வருசம் குடித்தனம் பண்ணியிருக்கேன். உங்க மூஞ்சிய பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல, அதான் எழுதட்டும்னு விட்டேன். மொதல்ல அதுக்குக் கையெழுத்து போட்டு அனுப்புங்க."

போட்டேன். பையனிடம் கொடுத்தனுப்பாமல் நானே கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். திருட்டுத்தனமாகப் படித்ததை அவளிடம் சொல்லத்தான் போனேன், சொல்லவில்லை. அவள் இப்போது மூன்று சபைகளில் நோயாளிகளைப் பார்க்கிறாள். இன்றுவரை சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்குத் திரும்பி வந்து கட்டிலில் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவளே கேட்டாள்.

"எத்தன மாசம்னு சொன்னாங்க?"

இனிப் பொய் சொல்ல என்னிடம் தெம்பில்லை. "ஆறு மாசம் போகும்னாங்க. ரெண்டு போயிடுச்சி."

அவள் விரல் விட்டு எண்ணினாள். முகம் மெல்லத் தெளிந்தது.

"நாலு மாசம் இருக்குதா?" என்றாள். "நான் தெனமும் காலைல இன்னிக்குத்தான் கடைசின்னு நெனச்சிகினு எழுந்துகினு இருந்தேங்க."